முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள்

ஒற்றைப்படை, இரட்டைப்படை பாடத்தை டீச்சர் செருப்பில்தான் தொடங்குவாள். வகுப்பு வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்டதையெல்லாம் அள்ளி வந்து நடுவில் கொட்டுவாள். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து இரண்டிரண்டாக அடுக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் ஒற்றைப்படை, மிஞ்சாவிட்டால் இரட்டைப்படை. மேலதிகாரிகள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும். கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற வாண்டுகள், செருப்பு என்றதும் உயிரைக் கொடுத்துப் படிக்கும்.

இந்த வருஷம் அதை முதலில் பிடித்துக்கொண்டவளுக்கு வகுப்பில் காலண்டர் என்று பட்டப்பெயர். எந்த நேரம் கேட்டாலும் அன்றைய தேதியைச் சொல்லிவிடுவாள். பாவம், எந்தத் தேதியில் யார் வீட்டில் தங்கினோம் என்ற அந்தக் கணக்கு அவளுக்கு வயிற்றுப்பாடு மாதிரி. அப்பா பேக்கரி வேன் ஓட்டுகிறவர், அம்மா மருந்துக்கடையில் பில் போடுகிறவள். பிரிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளையை இன்றைக்கு யார் அழைத்துப் போவது என்று பள்ளிக்கூட வாசலிலேயே வாய்ச்சண்டை நடக்கும். இரண்டு பேருக்கும் பிள்ளை மேல் அத்தனை உயிர் என்று டீச்சர் நினைத்தாள்.

நினைத்ததோடு விட்டிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, ஒருநாள் இருவரையும் கூப்பிட்டு வகுப்பில் இருந்த குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்துத் தீர்ப்பும் சொன்னாள். ஒற்றைப்படைத் தேதி என்றால் அப்பா, இரட்டைப்படைத் தேதி என்றால் அம்மா. ஒருநாள் விட்டு ஒருநாள் தானாக மாறும். பிள்ளைக்கே கணக்குத் தெரியும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். இருவரும் தலையாட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டீச்சர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

மாதம் முழுக்க வண்டி ஒழுங்காக ஓடியது. மாதம் முப்பத்தொன்றில் முடியும் என்பது மட்டும் அவள் புத்தியில் உறைக்கவில்லை. படித்துப் படித்துச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கே அவ்வளவுதான் மூளை.

அதைக் கண்டுபிடித்ததும் காலண்டர்தான். ஒன்றாம் தேதி காலையில் பையைக்கூட இறக்கி வைக்காமல் மேசைக்கு ஓடி வந்தாள்.

"நேத்தும் ஒத்தைப்படை, இன்னைக்கும் ஒத்தைப்படை டீச்சர். அப்பா ரெண்டு நாள்!"

முகமெல்லாம் சிரிப்பு. டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருநாள் கூடுதலாக அப்பாவுக்குப் போனால் அம்மாக்காரி சும்மா இருப்பாளா? சாயங்காலம் வாசலில் குருக்ஷேத்திரம்தான் என்று பயந்தாள்.

குருக்ஷேத்திரம் நடக்கவில்லை. மணி அடித்து, பிள்ளைகள் போய், கூட்டுகிற ஆயா எல்லா வகுப்பையும் கூட்டி முடித்த பிறகும் யாரும் வரவில்லை. காலண்டர் வாசல் கேட்டுக்குப் பக்கத்துத் திண்டில் பையை மாட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் தள்ளிப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். நேற்று நான்தான் வைத்திருந்தேன், மாற்றி மாற்றி என்றுதானே பேச்சு, இன்றைக்கு அவள் முறை என்றார். அம்மாவுக்குப் போட்டாள். "ஒண்ணு ஒத்தைப்படைதானே டீச்சர்? நீங்க சொன்ன கணக்குதானே?" என்று கேட்டுவிட்டு, கடையில் கூட்டம் என்று வைத்துவிட்டாள். மறுபடி அப்பா, மறுபடி அம்மா. கூடுதலாகக் கிடைத்த ஒருநாளை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்களே தவிர, எனக்கு வேண்டும் என்று ஒரு வாய் சொல்லவில்லை. வாசலில் இத்தனை நாள் நடந்த சண்டை எதற்கு என்று அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. இன்னும் அரைமணியில் யாரும் வராவிட்டால் போலீசுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்பாக்காரரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

திரும்பினால் காலண்டர் பின்னால் நிற்கிறாள். எவ்வளவு கேட்டாளோ.

"வேன்ல வேலை இருக்காம், கொஞ்சம் லேட்டாகுமாம்" என்று டீச்சர் பொய் சொன்னாள்.

"சரி டீச்சர்" என்றாள் பிள்ளை. திண்டுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இருட்டுகிற நேரத்தில் வேன் வந்தது. அப்பாக்காரர் இஞ்சினை அணைக்காமலே இறங்கினார். மன்னிச்சுக்கோங்க டீச்சர் என்று ஆரம்பித்து, கணக்கில்தான் குழப்பம், இனி முப்பத்தொன்று வரும் மாதம் முடிந்து வருகிற ஒன்றாம் தேதிக்கு ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். நியாயம் கேட்கிறாராம் மனுஷன்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் காலண்டர் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணாந்தேதி நான் டீச்சர் வீட்டுக்குப் போயிக்கிறேம்பா."

சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அது நிஜமாகச் சொன்னதல்ல. போடி பைத்தியம், நம்ம வீடு எதுக்கு இருக்கு என்று ஒரு வார்த்தை வருமா என்று கேட்டுப் பார்த்தது. டீச்சரும் அந்த வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவின் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது. நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே டீச்சர்?" என்று கேட்டார்.