காவல்காரனுக்கு ஒரு கேக்

வீட்டில் இருந்த முட்டை மொத்தமும் நாய்க்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் நான் அடுப்படியில் நின்று கத்தினேன். சுதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலுமினியக் குண்டானின் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, சின்னத் தீயில் சூடேற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கேழ்வரகு மாவு, துருவிய கேரட், மசித்த வாழைப்பழம். போனில் ஒரு பெண் நாய்க்குக் கப் கேக் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“கட்டுன புருசனுக்கு ஒரு ஆம்லெட்டு கிடையாது. நாய்க்குக் கேக்கா?”

“வோணும்னா நீயும் ஒண்ணு தின்னு. சக்கர, சாக்லேட்டு ஒண்ணும் கிடையாது. நாய்க்கு ஆவாதாம்.”

தின்று பார்த்தேன். தவிட்டை மென்ற மாதிரி இருந்தது. எங்கள் நாய் செவலைக்கு மட்டும் அது அமிர்தம். காகிதக் கப்பையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது.

சும்மா செல்லத்துக்காக அவள் இதைச் செய்யவில்லை. திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுக்கும் சேட்டு அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் அவர் ஆட்டுப்பட்டியில் புகுந்து இரண்டு குட்டிகளை நாய்கள் குதறிவிட்டன. ஏரிக்கரையில் திரிகிற கூட்டத்தின் வேலை அது. ஆனால் சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தபோது பட்டி வாசலில் நின்று குரைத்துக்கொண்டிருந்தது எங்கள் செவலை. அவர் வேறென்ன நினைப்பார்?

மறுநாள் தாண்டவராயன் டீக்கடையில், ஊரே கேட்கும்படி சொன்னார்.

“தினகரன் வூட்டு நாயி இன்னொரு தபா என் பட்டியாண்ட வந்துச்சுன்னா சோத்துல மருந்து வெச்சிடுவேன். அப்பறம் சேட்டு சொல்லலன்னு சொல்லக் கூடாது.”

அன்றைக்கே செவலையைச் சங்கிலியில் போட்டோம். குட்டியிலிருந்து கால் போன போக்கில் திரிந்த நாய். கட்டிப் போட்டதும் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. சுதாவும் சரியாகச் சாப்பிடவில்லை. அவிழ்த்துவிட்டால் மருந்து, கட்டிப் போட்டால் பட்டினி, எப்படியும் இது பிழைக்காது என்று அழுதாள். அழுது முடித்துவிட்டுத்தான் இந்தக் கேக்கைப் பிடித்தாள். சேட்டு வீட்டுக் கையால் தின்ன வைத்துவிட்டால், சேட்டு வீட்டு ஆடும் தன்னுடையதுதான் என்று அது நினைத்துக்கொள்ளுமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கிண்ணத்தில் கேக்கை வைத்துக்கொண்டு அவள் சேட்டு அண்ணன் மனைவி எல்லம்மாள் அண்ணியிடம் போனாள். நான் முருங்கை மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

“எக்கா, இத்த உன் கையால அதுக்குப் போடு. ஒரு மாசம் போட்டுப் பாரு. உன் பட்டிக்கு அதுதான் காவல்.”

“இன்னாடி இது, குட்டிய பறிகுடுத்துட்டு நாய்க்குப் பலகாரம் போடச் சொல்ற?”

“என் மொகத்துக்காகப் போடுக்கா.”

அண்ணி முதலில் கல்லை எறிகிற மாதிரி எறிந்தாள். செவலை பாய்ந்து கவ்வியது. அடுத்த ஞாயிறு கொஞ்சம் பக்கத்தில் போட்டாள். கார்த்திகை முடிவதற்குள் கையிலிருந்தே தின்னக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு விரல்களைப் புடவையில் துடைத்தபடி சிரித்ததை நானே பார்த்தேன். பொழுது சாய்கிற நேரம் ஏரிக்கரைக் கூட்டம் மறுபடி வந்தபோது, செவலை முளையைப் பிடுங்கிக்கொண்டு சங்கிலியோடு பாய்ந்து, தன் காது கிழிந்தும் விடாமல் அவற்றை விரட்டியடித்தது. சேட்டு அண்ணன் என்னிடம் வந்து, “காவல்காரன் ரோஷக்காரன்தான்பா. சங்கிலிய கழட்டி வுடு,” என்றார். சுதா அன்று எனக்கு இரண்டு ஆம்லெட் போட்டாள்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கவே மாட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று சேட்டு அண்ணன் வீட்டில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம், ஆட்டுக்கெல்லாம் கழுத்தில் சாமந்தி. வாழை இலையில் பொங்கலை வைத்துப் படைத்து ஊட்டினார்கள். சுதா வழக்கம்போல் கேக் கிண்ணத்தோடு போனாள். அண்ணி கேக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“பண்டிக நாளுமா அதுக்கு மொட்டக் கேக்கு? மாட்டுக்கு ஆக்கிப் போட்டோம், ஆட்டுக்குப் போட்டோம். காவல்காரன் மட்டும் இன்னா பாவம் பண்ணான்?”

பொங்கலுக்கு நெய்யில் வறுத்த திராட்சை வாணலியில் மீதி இருந்தது. அதைக் கேக்கின்மேல் ஒவ்வொன்றாக அமுக்கி வைத்தாள். செவலையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அது தின்றது. சுதா போனில் வீடியோ எடுத்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணி வீட்டில் யாருக்கும் அதற்குமேல் எப்படி அன்பு காட்டத் தெரியும்? திராட்சை வைத்துக் கொடுத்தால் அது மரியாதை.

மறுநாள் செவலை வாந்தி எடுத்தது. பண்டிகைத் தீனி அதிகமாகிவிட்டது என்று சீரகத் தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் வாந்தி நின்றது, மூத்திரமும் நின்றது. எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தபோதுதான் லோடு ஆட்டோவில் போட்டுக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன தின்றது என்று கேட்டார். சுதா வீடியோவைக் காட்டினாள். அவர் அதை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தார்.

“மேல இருக்கறது காஞ்ச திராட்சையாம்மா?”

“ஆமாங்க.”

“நாய்க்கு அது விஷம்மா. சில நாய்க்கு ஒண்ணும் ஆகாது. சிலதுக்குக் கொஞ்சம் போதும், கிட்னி போயிடும். நெறைய பேருக்கு இது தெரியாது.”

ட்ரிப்ஸ் போட்டார். கையால் ஆனதையெல்லாம் செய்தார். மாலையில் சுதாவின் மடியிலேயே அது போனது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் விக்கி விக்கி அழுதேன்.

ஊர் திரும்பி, வரப்பு ஓரம் புதைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போனால் தீர்ப்பு தயாராக இருந்தது.

“சேட்டு சொன்னத செஞ்சிட்டான் பாத்தியா?” என்றான் தாண்டவராயன்.

மருந்தில்லை, திராட்சை என்று சொன்னேன். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, “பக்கத்து வூட்டுப் பகை வோணாம்னு மறைக்கற. நல்ல மனசுப்பா உனக்கு,” என்றார். சுதா தெருப் பெண்களிடம் டாக்டர் சொன்னதை வரி விடாமல் சொன்னாள். பாவம், பயந்துகினு பேசுது என்றார்கள். திராட்சை தின்று யார் செத்தார்கள்? எங்கள் ஊரில் குழந்தைக்கு மலம் இறங்கவில்லை என்றால் கொடுப்பதே அதைத்தான்.

சேட்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“நான் மருந்து வெச்சேன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்டா. திராட்ச, கொட்டன்னு இன்னாத்துக்கு ஜோடிக்கிற? ஊரே சிரிக்குது. உன் நாய அந்தத் தடவ அடிக்காம வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும்.”

நான் சத்தியம் செய்தேன். அவர் காதில் வாங்காமல் போய்விட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லம்மாள் அண்ணி பின்வாசல் வழியாக வந்தாள். கையில் கற்பூரம். அதை ஏற்றி அடித்துச் சத்தியம் பண்ணப் போகிறேன் என்று கீழே உட்கார்ந்தாள்.

“நான் மருந்து வெக்கல சுதா. அவரும் வெக்கல. பொங்கல்ல போட்ட திராட்சதான் வெச்சேன். கொழந்தைங்க கேட்டும் குடுக்காம அதுக்குன்னு எடுத்து வெச்சேன். அத்த வுட்டா வேற எதுவும் நான் வெக்கல.”

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளையே குத்தியது. அவளுக்கு மட்டும்தான் அது தெரியவில்லை. சொல்லாதே என்று சுதாவுக்குக் கண்ணால் காட்டினேன். ஆனால் தெருவெல்லாம் சொன்ன பிறகு இவளிடம் எதை மறைப்பது?

“தெரியும்க்கா. நீ ஆசையாத்தான் குடுத்த. அதுக்கு அது ஆவலன்னு டாக்டரு சொன்னாங்க. உனுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது.”

“தெருவுல சொல்றது நெசமா? நெசமாவே திராட்சையா?”

சுதா தலையை ஆட்டினாள். ஊரில் ஒருத்தர்கூட நம்பாததை அண்ணி உடனே நம்பிவிட்டாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கற்பூரம் ஏற்றப்படாமல் தரையில் கிடந்தது. சுதாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“மருந்து வெச்சோம்னே ஊரு சொல்லட்டும்டி. அவரு பேசுன பேச்சுக்கு அந்தப் பழி வந்துதுன்னு இருந்துக்கறேன். என் கையால தின்னு செத்துச்சுன்னு மட்டும் இனிமே யாருகிட்டயும் சொல்லாத. அத்த என்னால தாங்க முடியாது.”

சுதா வாக்குக் கொடுத்தாள். இப்போது யார் கேட்டாலும் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. சேட்டு அண்ணன்தான் மருந்து வைத்தார் என்பதற்கு நாங்கள் பேசாமல் இருப்பதே சாட்சியாகிவிட்டது. சேட்டு அண்ணன் என்னைத் தெருவில் பார்த்தால் காறித் துப்பிவிட்டுப் போகிறார். துடைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.