அப்பாவின் மேல் ஓர் அடி கான்கிரீட்

மூன்றாவது அடியில் சம்மட்டிக் காம்புதான் முறிந்தது. கான்கிரீட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தது, அவ்வளவுதான். அண்ணன் வெண்டல் உள்ளங்கையை ஊதிக்கொண்டே, என்னவோ நான்தான் அதைப் போட்டவன் மாதிரி என்னை முறைத்தான். போட்டவன் அவன். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், அப்பாவின் கல்லறைமேல் ஓர் அடி கனத்துக்கு, உள்ளே இரும்புக் கம்பி கட்டிப் போட்டான். அந்த வசந்தத்தில் ஊரே அதைத்தான் செய்தது. நாம் போய்விட்டால் களை பிடுங்க யார் இருக்கிறார்கள், மூடிவிட்டுப் போவோம் என்று கல்லறைத் தோட்டம் முழுக்க வரிசையாக மூடினார்கள். எங்கள் க்ரூண்டால் ஊர்க்காரர்களுக்குச் செத்தவர்களைவிடக் களைமேல்தான் எப்போதும் கவனம்.

அம்மா என் காரின் பின்இருக்கையில் இருந்தாள், பெல்ட் போட்டபடி, ஒரு பச்சைச் சாம்பல் குடுவைக்குள். தொண்ணூற்று மூன்று வயதில், ஜெர்மனியில் ஏதோ ஒரு நகரத்தின் நான்காவது மாடியில் செத்துப்போனாள். "என்னைய யோசப்புக்குப் பக்கத்துல போடுங்க" என்பதைத் தவிர கடைசி மாதம் வேறெதுவும் பேசவில்லையாம். யோசப்பு எங்கள் அப்பா. அவள் பெயரும் பிறந்த வருடமும் அப்பாவின் கல்லில் அன்றைக்கே பொறித்தாகிவிட்டது. அவள் உள்ளே போக வழி வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"எதுக்குடா இவ்ளோ கனமாப் போட்டோம்?" என்றான் வெண்டல்.

"போட்டோம்னு சொல்லாதண்ணே. நீ போட்ட."

"களை வந்திருக்கும்டா."

"வந்தா நான் புடுங்கியிருப்பேன். இங்கதானே குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

நான் இங்கே இருப்பது அவன் கணக்கில் சேராது. எங்கள் ஊர் வரலாற்றை அறுநூறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறான். இன்று பதினொரு மணிக்குத் திருவிழாப் பூசையில் வெளியீடு. இரண்டு பஸ் நிறைய ஆட்கள் அதற்காக வந்திருக்கிறார்கள். கதை என்ன பெரிய கதை? இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், எங்கள் ஜெர்மன் முன்னோர்கள் பேரரசி கொடுத்த இலவச நிலத்துக்கு ஆசைப்பட்டு, இன்றைக்கு ரொமேனியா என்கிற இந்தச் சீமைக்கு டான்யூப் ஆற்றில் படகேறி வந்தார்கள். சதுப்பை வடித்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், மிஞ்சியவர்கள் நூல் பிடித்த மாதிரி தெருக்கள் போட்டார்கள். அப்புறம் தலைமுறை தலைமுறையாக, பக்கத்து ஊர் ரொமேனியனை வாசல் தாண்ட விடாமல் தங்கள் சுத்தத்தைத் தாங்களே மெச்சிக்கொண்டிருந்தார்கள். போர் முடியும் தறுவாயில் ரஷ்யர்கள் எங்கள் ஆட்களைத் தங்கள் சுரங்கங்களுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா போய்த் திரும்பினார். தொண்ணூறில் எல்லை திறந்தது, ஒரே வசந்தத்தில் நூற்று நாற்பது வீடும் காலி. 'அத்துடன் க்ரூண்டாலின் வரலாறு முடிந்தது' என்று வெண்டல் முடித்திருக்கிறான். நான் அதே ஊரில் இன்னும் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கங்கெட்டவன்.

"டவுன்ல உடைக்கிற மிஷின் கிடைக்கும். ஆனா திங்கக்கிழமைதான்" என்றேன்.

"நாளைக்குக் காலைல பஸ்ஸுடா. பேசாம மேலயே வெச்சு, சுத்தி சிமெண்டு பூசிடலாமா?"

"இன்னுமா உனக்கு சிமெண்டு ஆசை தீரல?"

ஒரு வழி இருந்தது. வந்ததிலிருந்தே எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. அப்பாவுக்கு இடப்பக்கம் வெறும் மண், புல். என் பெண்டாட்டி அவ்ரிகா அங்கே கிடக்கிறாள். அங்கிருந்து தோண்டினால் கான்கிரீட்டுக்கு அடியில் குறுக்காகப் போய்விடலாம்.

அவ்ரிகா ரொமேனியக்காரி. கல்யாணம் ஆன அன்று அம்மா அவளுக்குத் தட்டு வைக்கவில்லை. தெருவில் அவ்ரிகா எதிரே வந்தால் அம்மா அந்தப் பக்கம் போய்விடுவாள். ஜெர்மனி போன பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் செய்வாள். அவ்ரிகா எடுத்தால் உடனே வைத்துவிடுவாள். அவ்ரிகா செத்தபோது அவளை இந்த ஜெர்மன்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தேன், தடுக்க ஒருத்தரும் இல்லை என்பதால். அம்மா ஊரில் இருந்தபோது அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வீரமெல்லாம் ஆளில்லாத ஊரில்தான்.

அந்த வழியைச் சொன்னேன். வெண்டலின் முகம் சுருங்கியது.

"அந்தப் பொம்பளை இடத்து வழியாவா? அம்மா ஒத்துக்கவே மாட்டா."

"கேட்டுட்டு வா. கார்லதானே இருக்கா."

"விளையாடாதடா காஸ்பர்."

"அவ்ரிகா ஒத்துப்பாளான்னு உனக்குக் கேக்கத் தோணல பாரு."

எனக்கும் கேட்கத் துணிவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு நவம்பரிலும் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவள் அவள். அதை நினைத்தபோதுதான் எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மண்வெட்டியை எடுத்து அவள் பக்கத்து ஓரத்தில் இறக்கினேன். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியதும் கான்கிரீட்டின் அடிப்பக்கம் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே கையால் குடைந்தேன். கோயில் மணி அடித்தது. வெண்டல் குடுவையைக் கொண்டுவந்து புல்லில் வைத்தான், கால்சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"நான்தான்டா முன்னுரை வாசிக்கணும். நீ முடிச்சிடு, என்ன?"

"போண்ணே. அம்மாவுக்கு ஒரு வார்த்தை?"

நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மணிச்சத்தம் வந்த பக்கம் வேகமாக நடந்தான்.

குப்புறப் படுத்து, அம்மாவைக் குழிக்குள் இறக்கி, பக்கவாட்டில் தள்ளினேன். தோள்வரை கை போய்விட்டது. கன்னம் அவ்ரிகாவின் புல்லில் அழுந்தியது. குடுவை பாதி தூரம் போய் எதிலோ முட்டி நின்றது. அப்பாவிடம் சேர இன்னும் ஒரு சாண். விரல் நுனியால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. பாதி கான்கிரீட்டுக்கு அடியிலும் பாதி அவ்ரிகாவின் மண்ணிலுமாக அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். நான் கையை உருவிக்கொண்டு, அவ்ரிகாவின் மண்ணை எடுத்து மூடத் தொடங்கினேன்.