கடைசி வரி வந்த விதம்

நான் கலர் சோடா குடிப்பதை விட்டு நாற்பத்தொரு நாளாகிவிட்டது. சவாயித் தீவிலேயே இப்படி ஒரு சாதனை கிடையாது என்று எங்கள் நர்ஸ் திலோமாய் அண்ணி மேடையில் அறிவித்தார். ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. என் கவிதையைப் படித்தேன்.

"மூடி திறக்கையிலே புஸ்ஸென்ற ஓசை,
மூளைக்குள் அதுதானே முழுநேர ஆசை!
மூக்குவரை ஏறுகின்ற முத்துமுத்துக் குமிழே,
நாக்கைவிட்டுப் போகாத நஞ்சான அமிழ்தே!"

கலரைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். காதல் கவிதையாகித் தொலைந்தது. ஆளாளுக்கு எச்சில் விழுங்கினார்கள்.

"கடைசி வரி மட்டும் இன்னும் வரலைங்க," என்று முடித்தேன்.

ஊர்ப் பேச்சாளர் லெயாதுவா பெரியப்பா கோலை ஊன்றி எழுந்தார். யாரையும் கௌரவிக்க முதலில் இளநீர் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். இப்போது மரம் ஏற யாருக்குப் பொறுமை? ஜில்லென்ற கலர் பாட்டில் ஒன்றைத் திறந்து என் கையில் திணித்தார்.

"பெரியப்பா, நான்தான் விட்டுட்டேனே! அதுக்குத்தானே இந்தக் கூத்தே!"

"அது உன் சொந்த விஷயம்மா. இது ஊர் மரியாதை. வேணாம்னா ஊரையே அவமானப்படுத்தின மாதிரி. குடி!"

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்!"

அண்ணி பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு ஒரு வாய் மிச்சம் வைடி."

நான் ஒரு சொட்டுகூட வைக்கவில்லை. மைக் இன்னும் என் வாயருகில்தான் இருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஏப்பம் கடற்கரைவரை கேட்டது.

"ஆகா!" என்று பெரியப்பா கோலால் தரையைத் தட்டினார். "வந்துடுச்சு பாரு, கடைசி வரி!"