கட்டிலடிப் புல்

வாரியை இழுத்து இழுத்துச் செத்த புல்லைக் குவித்துக்கொண்டிருந்தார் தோட்டக்காரர். மழை பிடித்தும் வாசல் புல்வெளி இன்னும் தேறவில்லை. சொறிநாய் முதுகு மாதிரி அங்கங்கே திட்டாகப் பச்சை, மற்றதெல்லாம் சொட்டை. நிமிண்டிப் பார்த்தால் அடித்தண்டில் உயிர் இருந்தது. பொறுத்தால் மூடிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து, வீட்டுக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

கொல்லைப் பக்கம் எட்டிப்பார்க்காத அந்த அம்மாள் அன்றைக்கு வந்தார். கொட்டகைக்கும் செடிவேலிக்கும் நடுவே, தோட்டக்காரரின் மனைவி படுத்திருந்த நாடாக் கட்டிலுக்கு அடியில், பாய் விரித்தது போல் புல் அடர்ந்து நின்றது.

"ஊரே காஞ்சு கெடந்துச்சு. இங்க மட்டும் எப்படி?"

"இவளக் குளிப்பாட்டுற தண்ணிம்மா. இடுப்புக்குக் கீழ வராதுல்ல, கட்டில்ல வெச்சே ஊத்துவேன். அது கீழ வடியும்."

"கோடையில ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நாளைக்கு ஒரு டின் தண்ணிதான் விட்டேன். அதுலயே சமைச்சு, குளிச்சு, புல்லும் வளத்தியா? யார் காதுல பூ சுத்துற?"

"நான் குளிக்கலம்மா. என் பங்கையும் இவளுக்கு..."

"உடம்பு சரியில்லன்னுதானே அப்ப சொன்ன?"

சொன்னது உண்மைதான். கோடையில் இதே அம்மாள், "நாத்தம் குடலப் புடுங்குது, படிக்கிட்ட வராத" என்று முந்தானையால் மூக்கைப் பொத்தியபோது, உள்ளதைச் சொன்னால், குளிக்காதவனுக்கு எதற்குப் பங்கு என்று ஒரு டின் அரை டின்னாகிவிடுமே என்று பயந்து, காய்ச்சல் என்று சமாளித்திருந்தார்.

"அப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணு. ராத்திரியில குழாயத் தொறந்துருக்க. லாரித் தண்ணி என்ன வெல விக்குது தெரியுமா? இந்தப் புல்லப் பேத்து வாசல்ல பதி. திங்கக்கிழம கொட்டகையக் காலி பண்ணிடு."

அந்த அம்மாள் போகும்வரை வேலிப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவி, போர்வையை விலக்கினாள்.

"யோவ், நம்ம மெத்தைக்கு வந்த மவுசப் பாத்தியா!"

"சும்மா இரு மகாராணி."

"எல்லாம் சரி, திங்கக்கிழம என்னைய எங்க தூக்கிட்டுப் போவ?"

அவர் மண்வெட்டியை எடுத்தார். கட்டிலை அவளோடு சேர்த்து ஓரமாக இழுத்தார். புல்லை மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டிப் பெயர்த்தபோது வேரோடு வேராய் அவள் தலைமுடிச் சிக்கும், சப்பையாய்த் தேய்ந்த சோப்புத் துண்டும் வந்தன. சோப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முடியை எடுக்கப் பார்த்தார், வேர் அதை விடவில்லை. அப்படியே சாக்கில் தூக்கிப் போய், வாசல் சொட்டையில் வைத்துக் காலால் மிதித்து அமுக்கினார்.

சனிக்கிழமை மதியம், பதித்த புல் வாடக்கூடாதென்று வாசலில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டார்கள். கொல்லைக் குழாயில் புதுப் பூட்டு தொங்கியது. கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு, இருந்த அரை டின் தண்ணீரைச் சொம்பு சொம்பாக அவர் மனைவியின் தோளில் ஊற்றினார். புல் இல்லாத மண்ணில் தண்ணீர் சேறாகத் தேங்க, கட்டிலின் ஒரு கால் மெல்லப் புதைந்தது. அவள் அந்தப் பக்கமாகச் சரிந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் குழாயை யாரும் மூடவில்லை. புல் குடித்தது போக மிச்சத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.