நீர்ப்பல்லியை நக்கியவர்

சின்ன வயதில் கூட்டாளிகள் சீண்டிவிட்டார்கள் என்பதற்காக ஃபெஸ்டஸ் ஒரு நீர்ப்பல்லியைப் பிடித்து அதன் வயிற்றை நக்கித் தொலைத்தார். அப்படி நக்கிய நாக்குக்குத் தீப்புண்ணை ஆற்றும் வரம் உண்டென்று மேயோ வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வரத்தோடு 'பல்லிநக்கி' என்ற பட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. நடனக் கூடத்தில் பெண்கள் அவர் வாயைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அறுபதைத் தாண்டியும் தனிக்கட்டை.

சுட்டுக்கொண்டவர்கள் மட்டும் தவறாமல் வந்தார்கள். திங்கள், வியாழன், மறுபடி திங்கள் என்று புண்ணை நக்கிவிட வேண்டும். காசு வாங்கக்கூடாது. வந்தவர்கள் நன்றி என்று வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் வைத்தியம் பலிக்காது. ஆகவே புண் ஆறியதும் பேசாமல் போய்விடுவார்கள். பாழாய்ப்போன விதி, எந்தப் புண்ணியவான் போட்டானோ. அவர்கள் போனபின் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்கும்.

குன்றுக்கு அந்தப் பக்கத்து விதவை டெலியா, உருளைக்கிழங்கு வேகவைத்த கொதிநீரை மணிக்கட்டில் கொட்டிக்கொண்டு வந்தார்.

"முகத்தத் திருப்பிக்குங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எதுக்கு? என் கையில என்ன நடக்குதுன்னு நான் பாக்க வேணாமா?"

வியாழக்கிழமை வேலை முடிந்தும் டெலியா எழுந்திருக்கவில்லை.

"டீ போடத் தெரியுமா, இல்ல அந்த நாக்கு வைத்தியம் மட்டும்தானா?"

இரண்டாவது கோப்பையைத் தேடி எடுத்துத் தூசி கழுவவே ஃபெஸ்டஸுக்கு வெகுநேரம் ஆயிற்று.

கடைசித் திங்களன்று மணிக்கட்டு சுத்தமாக ஆறியிருந்தது. இன்னொரு தடவை வரச் சொல்லிவிடலாமா என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வரத்தை வைத்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஆறிடுச்சு. இனிமே நீங்க வர வேண்டியதில்ல."

டெலியா கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். தாழ்ப்பாளில் கைவைத்தபடி திரும்பினார்.

"ரொம்ப நன்றி, ஃபெஸ்டஸ்."

ஃபெஸ்டஸ் பதறிப்போனார். "என்னங்க இது, சொல்லக்கூடாதுன்னு தெரியாதா? அத்தனையும் வீணாப்போச்சே. இனி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"தெரியும்," என்று டெலியா கோட்டுப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். "இன்னைக்கும் திங்கக்கிழமைதானே."