முந்தி வரும் வரை

என் வீட்டுக்காரர் ராமராஜனுக்கு முன்னால் ஒரு வண்டி போனால் பொறுக்காது. சரக்கு வேன் ஓட்டுகிறவர். கோயில் பிரகாரத்தில் நடக்கும்போதுகூட முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்துவிட்டு, அவரையே முறைப்பார்.

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே போகிற ரோட்டில் முன்பு போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். கரும்பு டிராக்டர் ஒன்று ஆடி அசைந்து போனால் பின்னால் பாதி ஊர் ஊர்ந்து போகும். பொறுக்காதவன் எதிர்த்தடத்தில் பாய்வான். எங்கள் பிள்ளையார்பாளையத்திலேயே அப்படிப் பாய்ந்து வீடு திரும்பாதவர்கள் உண்டு. இவர் வேனை எடுத்துக்கொண்டு போனால், கை தறியில் இருக்கும், காது வாசலில் இருக்கும் எனக்கு.

பிறகு அந்த ரோட்டை மூன்று தடமாக்கினார்கள். "நடுவுல ரெண்டு பக்கத்துக்காரனும் பாய்ஞ்சி மோதிக்கினு சாவட்டும்னா?" என்று கத்தினேன்.

"அப்பிடி இல்லமே. நடுத்தடம் கொஞ்ச தூரம் நமக்கு, அப்புறம் எதிர்ல வர்றவனுக்கு, மறுபடி நமக்கு. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல கம்பம் நட்டுக்கீறாங்க, யாரும் தாண்ட முடியாது" என்றார்.

நம் முறை வருவதற்கு முன்பே 'முந்தும் தடம்' என்று போர்டு வந்துவிடுமாம். எங்கள் தெருவில் முந்தி என்றால் சேலையின் முந்திதான். உடம்பு நெய்து முடிந்தால் அது வந்துதானே ஆக வேண்டும். அதனால் வீட்டுப் பேச்சில் அந்தத் தடத்துக்கும் முந்தி என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆனாலும் என் பயம் போகவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்று காமாட்சி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் போன் அடித்தது. எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளி கலியாணசுந்தரம். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"பொன்னி... ராமராஜன் வண்டியில... முந்தியில போயிடுச்சும்மா... எல்லாம் போச்சு..."

அதோடு கட்டாகிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டேன், போகவில்லை. காலையிலேயே தெற்கே லோடு போயிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி, மறுபடி. எடுக்கவே இல்லை. பாவி, கடைசியில் பாய்ந்துவிட்டானே என்றுதான் நினைத்தேன்.

கொழுந்தன் கலைவாணன் பைக்கை எடுத்தான். பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன். ஊரைத் தாண்டியதும் எங்கள் பக்கம் இரண்டு தடம், பிறகு ஒன்று, மறுபடி இரண்டு என்று மாறி மாறி வந்தது. சாய்ந்த கம்பம், கூட்டம், போலீஸ் என்று எதையோ தேடிக்கொண்டே போனேன். ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் இரண்டு தடமாக இருந்த ஓரிடத்தில், கம்பங்களுக்கு அந்தப் பக்கம் ஒற்றைத் தடம். அதில் ஒரு கரும்பு டிராக்டர். அதன் பின்னால் ஒரு பஸ், இரண்டு கார். அதற்கும் பின்னால் எங்கள் வேன்.

உள்ளே இவர். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையில் வறுத்த வேர்க்கடலை. வாய் அசைகிறது. அவசரமே இல்லாமல், ஹாரன்கூட அடிக்காமல், ஆமை மாதிரி ஊர்ந்து வருகிறார் என் புருஷன்!

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. "யோவ்! யோவ்!" என்று கூவினேன். காதில் விழவில்லை. எங்களைக் கடந்து போய்விட்டார்.

"அண்ணி, அண்ணன் நல்லாத்தான் கீறாரு! அழாதீங்க!" என்றான் கலைவாணன்.

திரும்புவதற்குக் கம்பம் இல்லாத இடம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து டிராக்டரைப் பிடித்தபோது, இவர் அதை எப்போதோ முந்திப் போயிருந்தார். ஊருக்குத் திரும்புகிற பக்கத்துக்கு வந்த முந்தி முடிந்து, மறுபடி ஒற்றைத் தடம்.

"ஓரமா பூந்துடட்டா அண்ணி?"

"இரு. உங்கண்ணனே பொறுத்துக்கினு வந்தாரு, உனக்கு இன்னா? முந்தி வரும்."

கரும்புச் சோகை முகத்தில் பறக்கப் பறக்க, அந்த டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தோம். கொஞ்ச தூரத்தில் போர்டு வந்தது. அதைப் பார்த்ததும் பின்னால் வந்த கார்க்காரன்கூட ஹாரனை நிறுத்திக்கொண்டான்.

வீட்டில் கலியாணசுந்தரம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சேலை. முதல் நாள் எங்கள் வேனில் வந்ததாம், கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி முந்தியில் ஜரிகை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"போன்லயே சொன்னேனே, முந்தியில போயிடுச்சின்னு!"

நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

"பட்டுச் சேல பாழாப்போச்சுன்றேன், சிரிக்கிறீயேமா?"

"இந்த முந்தியா! இதுவாண்ணே போச்சு!"

அதற்குள் என் புருஷன் சரக்கை இறக்கிவிட்டு, போனைப் பார்த்து, அலறியடித்துக்கொண்டு வந்தார். "இன்னாமே, இத்தன வாட்டி கூப்ட்டுகீற? யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஏன்யா எடுக்கல?"

"நீதானே எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கின?"

"ஆமா. இனிமே நான் அழுதுக்கினு கூப்ட்டாலும் எடுக்காதே" என்றேன். சொல்லிவிட்டு, முதலாளி நிற்கிறாரே என்றும் பாராமல், இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.