ஹீட்டர் இல்லாத லாரி

சோடாத் தண்ணீர் பொங்கும் ஊற்றின் கல் விளிம்பில் முழங்காலிட்டு, கார்த் தம்ளரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினான். பின்னால் சக்கர நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அடியிலேர்ந்து மொண்டு எடுடா. மேலாப்புல எடுத்தா சுருக்குனு இருக்காது."

கையை முழங்கை வரை விட்டு மொண்டு வந்தான். அம்மா நெட்ரா இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தாள். பாதி தாடையில் வழிந்தது. மூக்கில் ஏறிய சோடாக் காரத்துக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வீடு இருந்த போக்கடெல்லோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். ஆனாலும் இந்த உடம்போடு பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை காலீன் காலையில் போனில் கத்தியிருந்தாள், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் உன்னை மன்னிக்கவே மாட்டேன் என்று. நெட்ராவோ, தான் வேலை பார்த்த ஊரான சோடா ஸ்பிரிங்ஸைப் பார்க்காமல் மாத்திரை போட மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். எண்பத்தொரு வயதில் அவளிடம் மிச்சமிருந்த பலம் அந்த உதட்டில்தான் இருந்தது.

பிறகு ஊர் நடுவிலிருந்த பூங்காவுக்குப் போனார்கள். அங்கே மணிக்கொரு தரம் மூடியைத் திறந்துவிட்டால் வானத்துக்குப் பீறிடும் ஊற்று ஒன்று உண்டு; அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சில் தொப்பி போட்ட ஒரு கிழவர் இருந்தார். நெட்ராவைப் பார்த்தார், பார்வையை எடுத்தார், மறுபடி பார்த்தார்.

"நெட்ராவா?"

"லைல். நீ இன்னும் போய்ச் சேரலையா?"

"உனக்கு முன்னாடி போனா நீ பேசுவியே."

லைல் ராஸ்பேண்ட், பாஸ்பேட் சுரங்கத்தில் அவளோடு லாரி ஓட்டியவர். சக்கரமே ஆள் உயரத்துக்கு நிற்கும் லாரி. அந்த ஸ்டியரிங்கில் முதன்முதலாக உட்கார்ந்த பெண் நெட்ராதான். கணவன் விட்டுப் போன வருடம் அது. ஆண்கள் யாரும் அவளோடு சாப்பிட உட்காரவில்லை என்று லைல் கார்த்திடம் சொன்னார். இருப்பதிலேயே பழைய வண்டியைக் கொடுத்தார்களாம். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஒரு வாரத்தில் ஓடிவிடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்களாம்.

"காலுல சாக்கைச் சுத்திக்கிட்டு ஓட்டினா, தம்பி." தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்துக்கொண்டார். "நெட்ரா, ஒண்ணு சொல்லணும். நாப்பத்தஞ்சு வருஷமா சொல்லணும்னு இருக்கேன். உன் வண்டி ஹீட்டரைக் கழட்டினது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பத்தாவது நாள் உன் வண்டி ஹீட்டரைக் கழட்டி என் வண்டியில மாட்டிக்கிட்டேனே. நீ கவனிக்கலையா?"

லைல் வாய் பிளந்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. "அந்தக் குளிர்காலம் முழுக்க மெக்கானிக்கைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

நெட்ராவும் சிரித்தாள். அம்மாவின் முகம் இப்படி நிமிர்ந்து கார்த் பார்த்ததேயில்லை.

மணியடித்தாற்போல் ஊற்று எழுந்தது. கருத்த பாறை மேட்டிலிருந்து வெள்ளைத் தூணாக, மரங்களைத் தாண்டி மேலே போயிற்று. காற்று திரும்பியதும் தூறல் மூவர் மேலும் விழுந்தது. கார்த் அம்மாவின் தோளைத் துடைக்கக் குனிந்தபோது அவள் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தணிந்து அடங்கியது. அவள் பார்வை மட்டும் இறங்கவில்லை.

லைல்தான் முதலில் எழுந்து, தொப்பியை நெஞ்சோடு பிடித்து நின்றார்.

கார்த் காலீனுக்குப் போன் போட்டான். வெகுநேரம் அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு, "கடைசியில எப்படி இருந்தா?" என்றாள்.

"கூட வேலை பார்த்தவர் பக்கத்துல இருந்தார். சிரிச்சுக்கிட்டிருந்தா."

காலீன் திட்டவில்லை.

அதற்குள் லைல் யாரையோ கூப்பிட்டிருந்தார். சுரங்கத்தில் கூட ஓட்டிய இரண்டு கிழவர்கள் பழைய பிக்கப் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். நாற்காலியின் இரு பக்கமும் நின்றுகொண்டார்கள். ஆம்புலன்ஸில் வந்த பெண் பரிசோதித்துவிட்டு, தணிந்த குரலில் விவரம் கேட்டு எழுதினாள். பெயர், வயது, வேலை.

"வீட்டோட இருந்தவங்களா?"

சிறுவயதில் பள்ளிக்கூடப் படிவங்களில் அம்மாவின் வேலை என்ற இடத்தில் கார்த் 'அலுவலகப் பணி' என்று எழுதிவந்தவன். தூசி படிந்த முரட்டு உடுப்போடு அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றால், தெரியாதவன் போல வேறு கதவு வழியாகப் போனவன்.

"சுரங்கத்துல லாரி ஓட்டினாங்க. பெரிய லாரி. இருபத்தாறு வருஷம்," என்றான். அவள் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இறுதிச்சடங்குக் கூடத்தின் வண்டி வந்து நெட்ராவை ஏற்றிக்கொண்டது. கார்த் தன் காரை எடுக்கும்போது லைலின் பிக்கப் அந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றிருந்தது. மற்ற இரண்டும் அதன் பின்னால். நல்ல வெயில். ஆனாலும் இறுதி ஊர்வலத்துக்குப் போடுவதுபோல, மூன்று பிக்கப்புகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக முகப்பு விளக்குகள் எரிந்தன. எதிரே பாரம் ஏற்றி வந்த ஒரு லாரி வேகம் குறைந்து, சாலையோரம் ஒதுங்கி நின்றது.